கார்டின் நிறம் வறுமைக்குச் சான்று ஆகாது

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களில் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘அவங்க மஞ்சக் கார்டு’, ‘இவங்களுக்கு வெள்ளக் கார்டுதானே’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ரேஷன் கார்டின் நிறத்தைப் பார்த்தால் வீட்டின் நிலைமை தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை பாறசாலையிலும் வெள்ளறடையிலும் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. அரசு அலுவலகங்களும் இதையே நம்புகின்றன. இந்த நம்பிக்கை தவறு. இதற்கு விலை கொடுப்பவர்கள் ஏழைகள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேரளத்தில் பொது மக்களுக்கான கார்டுக்கு நான்கு நிறம். மஞ்சள் மிக வறியவர்களுக்கான அந்த்யோதயா; பிங்க் முன்னுரிமை; நீலம் மானியம் உள்ள பொதுப்பிரிவு; வெள்ளை மானியம் இல்லாத பொதுப்பிரிவு. மஞ்சள் கார்டு வீட்டுக்கு மாதம் 35 கிலோ தானியம் என்பது சட்டம். பிங்க் என்றால் ஆளுக்கு 5 கிலோ. நீலக் கார்டுக்கு ஆளுக்கு 2 கிலோ அரிசி, கிலோ 4 ரூபாய். வெள்ளைக்கு அந்தந்த மாதம் அறிவிக்கிற அளவு, கிலோ 10 ரூபாய் 90 காசு. நான்கு பேர் உள்ள ஒரு கூலிக்குடும்பம் பிங்க்கிலிருந்து வெள்ளைக்கு மாறினால், மாதம் 20 கிலோ இலவச தானியம் போய்விடும்.

அப்படியானால் பிங்க் கிடைக்காதவர் ஏழை அல்லாதவரா? 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில்தான் கேரளம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே இந்த மாநிலத்தில் எத்தனை பேர் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கலாம் என்று மத்திய அரசு எண் குறித்துவிட்டது: 1 கோடியே 54 லட்சத்து 80 ஆயிரம். அந்த எண்ணுக்குள் அடங்கியதுதான் பட்டியல். ஒருவர் வெளியேறினால்தான் இன்னொருவர் உள்ளே வர முடியும். ஆகவே பிங்க் என்பது பேருந்தில் கிடைத்த இருக்கையைப் போன்றது. நின்றுகொண்டு வருபவருக்குக் கால் வலிக்கவில்லை என்று அதை வைத்து யாரும் முடிவு கட்டக் கூடாது. 2016-இல் வரைவுப் பட்டியல் வெளியானபோது லட்சக்கணக்கில் ஆட்சேபங்கள் குவிந்தன.

வெள்ளையின் கதை இன்னும் மோசம். ஆயிரம் சதுர அடிக்கு மேல் வீடு, நான்கு சக்கர வாகனம், ஓர் ஏக்கருக்கு மேல் நிலம், அரசு வேலை, வருமான வரி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் முன்னுரிமை கிடையாது. அது நியாயமான விதி. ஆனால் முன்னுரிமைக் கார்டு வைத்திருந்தும் தொடர்ந்து மூன்று மாதம் ரேஷன் வாங்காதவர்களையும் வெள்ளைக்கு மாற்றுகிறார்கள். கார் வைத்திருப்பவரும், மகளின் பிரசவத்துக்கு எல்லை தாண்டிப் போய் மூன்று மாதம் ரேஷன் வாங்காமல் தங்கிவிட்ட விதவைத் தாயும் ஒரே நிறம். கடையில் பின்னால் நிற்பவருக்கு இரண்டு வெள்ளையும் ஒன்றுதான். அலுவலகத்தில் கோப்பைத் திறக்காமல் பதில் சொல்பவருக்கும் ஒன்றுதான்.

இந்த வட்டாரத்தில் இது கூடுதலாக உறுத்துகிறது. 1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் கல்யாணமும் கூலிவேலையும் சந்தையும் எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டித்தான் இன்றும் நடக்கின்றன. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டம் மஞ்சளுக்கும் பிங்க்குக்கும் மட்டுமே எல்லை தாண்டிச் செல்லும். நீலமும் வெள்ளையும் எல்லையின் இந்தப் பக்கத்து இஞ்சிவிளையோடு நின்றுவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் முன்பு வெள்ளைக் கார்டு என்றால் அரிசிக்குப் பதில் சர்க்கரை கேட்டவர் என்று மட்டுமே பொருள். 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது நிறத்தை விட்டுவிட்டு எழுத்துக் குறியீட்டை அச்சடித்தார்கள். அரிசி ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு என்பதால் அங்கே நிறத்தை வைத்து மனிதரை எடைபோடும் வழக்கம் இவ்வளவு வளரவில்லை.

நிறத்தையே தகவலாக எடுத்துக்கொள்ளும் இந்தத் தவறை, கணினியில் பதிவேடு வைத்து வேலை செய்பவர்கள் நன்றாக அறிவார்கள். மைக்ரோசாப்ட் ஆக்சஸில் நூறு குடும்பங்களை வரிசையாகக் காட்டும் படிவத்தில், ஒரு குடும்பத்தின் பெட்டிக்கு மட்டும் சிவப்பு அடிக்கலாம் என்று பெட்டியின் நிறத்தை மாற்றினால் நூறு வரியும் சிவந்துவிடும். திரையில் நூறாகத் தெரிவது ஒரே பெட்டி. ஒவ்வொரு வரிக்கும் அதையே திரும்ப வரைகிறது கணினி. ஒரு பதிவை மட்டும் தனியே காட்ட வேண்டுமென்றால், ஏன் காட்ட வேண்டும் என்ற காரணம் அந்தப் பதிவுக்குள்ளேயே ஒரு புலமாக இருக்க வேண்டும். அதைப் படித்துத்தான் கணினி நிறம் தர வேண்டும். காரணம் மாறினால் நிறம் தானாக மாறும். காரணத்தை எழுதாமல் எக்செல் வரியில் கையால் மஞ்சள் பூசிவிட்டு இடமாற்றம் வாங்கிப் போன ஊழியருக்குப் பின் வருகிறவர், அந்த மஞ்சளுக்கு என்ன பொருள் என்று யாரிடம் கேட்பார்? கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் அந்த மஞ்சளும் இருக்காது. நிறம் பிரித்தறிய முடியாத கண்ணுக்கு அது முதலிலிருந்தே இல்லை. நிறத்தை மட்டுமே தகவலாக வைக்காதீர்கள் என்று இணைய அணுகல் விதிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இதனால்தான்.

கடைக்காரருக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். 2018-லேயே கேரளத்தின் ரேஷன் கடைகளுக்கெல்லாம் இ-போஸ் இயந்திரம் வந்துவிட்டது. விரலை வைத்தால் எவ்வளவு தர வேண்டும் என்று இயந்திரமே சொல்கிறது. நிறத்தால் அவருக்கு இனி ஆக வேண்டியது எதுவும் இல்லை. வரிசையில் நிற்பவரின் கையைப் பார்த்து ஊர் தீர்ப்புச் சொல்வதற்குத்தான் அது பயன்படுகிறது.

2022-இல் ‘ஆபரேஷன் யெல்லோ’ என்ற பெயரில், தகுதியில்லாமல் முன்னுரிமைக் கார்டு வைத்திருப்போரைப் பற்றி மக்களே தகவல் தரலாம் என்று அரசு அறிவித்தது. அப்படிப்பட்டவர்களைப் பிடிக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை; காலியான இடங்களில் தகுதியுள்ளோர் சேர்க்கப்பட்டதும் நல்லதே. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மஞ்சளை வைத்திருப்பது கண்ணில் படுகிற அளவுக்கு, ஓர் ஏழை வெள்ளையோடு பட்டினி கிடப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. நிறத்தை நம்பும் ஊர் முதல் தவறைத்தான் தேடும். இரண்டாவதைத் தேட வேண்டும் என்ற எண்ணமே அதற்கு வராது.

முன்னுரிமைக்கு விண்ணப்பித்தால் வீட்டின் நிலை, குடிநீர், நோய், விதவை நிலை என்று மார்க் போடுகிறார்கள். அந்த மார்க்கையும், பிரிவு மாறிய தேதியையும், மாறிய காரணத்தையும் கார்டிலேயே அச்சிட வேண்டும். மூன்று மாதம் வாங்கவில்லை என்று ஒரு குடும்பத்தை நீக்கும் முன் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் கார்டு ஏன் இந்தப் பிரிவில் இருக்கிறது, எத்தனை மார்க், எந்தத் தேதியில் மாறியது என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நெய்யாற்றின்கரை வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பதிலில் சொல்லும் காரணம் சரியில்லை என்றால் மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரிடமும், அதற்கு மேல் மாநில உணவு ஆணையத்திடமும் போக உணவுப் பாதுகாப்புச் சட்டமே வழி வைத்திருக்கிறது. எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.