புது ரேடியோ வாங்கலாம், ஆனா இந்த வருஷம் வேண்டாம்

ஏரோமாடலிங் க்ளப் இருக்கிற எந்த காலேஜா இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பஞ்சாயத்து வந்தே தீரும். ஃபண்ட் சாங்ஷன் ஆன அன்னைக்கே ஒரு கோஷ்டி, "டேய், அந்தப் பழைய டிரான்ஸ்மிட்டரை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு ரேடியோமாஸ்டர் வாங்கலாம்டா"ன்னு ஆரம்பிக்கும். இன்னொரு கோஷ்டி, "நல்லா ஓடிட்டுதான இருக்கு, எதுக்கு மாத்தணும்?"னு கேட்கும். நம்ம க்ளப்லயும் இப்போ அதே சண்டைதான். என் கருத்தை நேராவே சொல்லிடறேன். ரெண்டு கோஷ்டியும் பெட்டியைப் பத்தியே பேசுது. ப்ளேன் கீழ விழறதுக்கான காரணம் பெரும்பாலும் கையில இருக்கிற பெட்டியில இல்ல.

நம்ம ஷெல்ஃப்ல மூணு தலைமுறை ரேடியோ இருக்கு. என்னைக்கோ ஒரு சீனியர் கொடுத்துட்டுப் போன 72 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் ஃபுடாபா செட், திரையே இல்லாத ஃப்ளைஸ்கை சிடி6பி, அப்புறம் எல்லாரும் கத்துக்கிட்ட ஃப்ளைஸ்கை ஐ6. இந்த மூணுக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது.

எஃப்எம் செட்டை ரிட்டயர் பண்ணிடணும். இதுல எனக்கு சந்தேகமே இல்ல. அந்தக் காலத்து முறை என்னன்னா, டிரான்ஸ்மிட்டர்லயும் ரிசீவர்லயும் ஒரே சேனலுக்கான கிறிஸ்டல் இருக்கும். மைதானத்துல வேற ஒருத்தர் அதே சேனல்ல ஸ்விட்சை ஆன் பண்ணினா போதும், பறந்துட்டிருக்கிற ப்ளேன் அவ்வளவுதான். அதுக்காகத்தான் பறக்கிற இடத்துல ஒரு பலகை வச்சு, சேனல் நம்பர் போட்ட க்ளிப்பை எடுத்தவர் மட்டும் ஆன் பண்ணலாம்னு கட்டுப்பாடு வச்சிருந்தாங்க. 2005, 2006 வாக்குல ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தோட டிஎக்ஸ்6, டிஎக்ஸ்7 வந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் பரவினதுக்கு அப்புறம் அந்தப் பலகைக்கே வேலை இல்லாம போச்சு. இப்போ ஒவ்வொரு ரிசீவரும் தனக்கு பைண்ட் ஆன டிரான்ஸ்மிட்டர் சொல்றதை மட்டும்தான் கேட்கும். இந்தியாவுலயும் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் குறைஞ்ச பவர் கருவிகளுக்கு லைசன்ஸ் தேவையில்லைன்னு 2005-லயே விதி வந்துடுச்சு. போதாததுக்கு எஸ்ஏஇ ஏரோ டிசைன் மாதிரி போட்டிகள்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் கட்டாயம். அந்த ஃபுடாபா மேல எவ்வளவு பாசம் இருந்தாலும் அதை நம்பி ஆள் நடமாட்டம் இருக்கிற கிரவுண்டுல எதையும் பறக்க விடக் கூடாது.

"விழுந்தா என்ன, தெர்மாகோல்தானே"ன்னு சிலர் சொல்றாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 2 கிலோ ப்ளேன் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்துல வந்தா அதோட இயக்க ஆற்றல் 400 ஜூல். 160 கிராம் கிரிக்கெட் பந்தை மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்துல போட்டாக்கூட சுமார் 120 ஜூல்தான். அந்தப் பந்தை ஹெல்மெட் இல்லாம எதிர்கொள்ள நம்மள்ல எத்தனை பேர் தயார்? அதுவும் முன்னாடி சுத்திக்கிட்டிருக்கிற ப்ரொப்பெல்லரோட!

சரி, சிடி6பி-யும் ஐ6-ம் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். அதை எதுக்கு மாத்தணும்? புதுசு கேட்கிறவங்க முதல்ல சொல்ற காரணம் லேட்டன்சி. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் விநாடிக்கு 250, 500 பாக்கெட் அனுப்புது, பழசு தூங்குதுங்கறாங்க. ரேஸிங் ட்ரோன் ஓட்டறவங்களுக்கு இது நியாயமான வாதம், மறுக்கல. ஆனா நாம பறக்க விடறது என்ன? அனலாக் செர்வோ வச்ச டிரெய்னர். அந்த செர்வோவுக்கே சுமார் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் பல்ஸ் போகுது. 4 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கட்டளை வந்து வாசல்ல நின்னாலும் செர்வோ தன் நேரத்துக்குத்தான் கதவைத் திறக்கும். ப்ளேன் விநாடிக்கு 15 மீட்டர் போகுதுன்னு வச்சுக்கிட்டா 20 மில்லிசெகண்ட்ல 30 சென்டிமீட்டர் நகரும். நம்ம கண்ணு பார்த்து, மூளை யோசிச்சு, விரல் அசைய ஆகற 200 மில்லிசெகண்ட்ல 3 மீட்டர் போயிடும். எதை அப்கிரேட் பண்ணணும்னு இப்போ சொல்லுங்க! (சிமுலேட்டர்ல தினமும் அரை மணி நேரம். ஐ6-ஐ ஒரு கேபிள் போட்டு லேப்டாப்ல செருகினா போதும்.)

உண்மையான பிரச்சனை ப்ளேனுக்குள்ள இருக்கு. பழைய எஃப்எம் ரிசீவருக்கு வோல்டேஜ் ஒரு நொடி குறைஞ்சா செர்வோ கொஞ்சம் நடுங்கும், அப்புறம் சரியாயிடும். 2.4 ரிசீவருக்குள்ள ஒரு மைக்ரோகன்ட்ரோலர் உட்கார்ந்திருக்கு. வோல்டேஜ் அதோட குறைந்தபட்ச அளவுக்குக் கீழ போனா அது ரீபூட் ஆகும், டிரான்ஸ்மிட்டரை மறுபடி தேடிப் பிடிக்கும். அதுக்கு ரெண்டு மூணு செகண்ட் ஆச்சுன்னா ப்ளேன் 40, 60 மீட்டர் யார் பேச்சையும் கேட்காம போயிருக்கும். கீழ நிக்கிறவங்க "சிக்னல் கட்டாயிடுச்சு, ரேடியோ சரியில்ல"ன்னு சொல்வாங்க. ரேடியோ மேல தப்பே இருக்காது. சோறு போட்டவன் மேலதான் தப்பு.

சோறு போடறது யாரு? இஎஸ்சி-க்குள்ள இருக்கிற பெக். விலை குறைஞ்ச இஎஸ்சி நிறைய லீனியர் பெக்தான். ஃபுல் சார்ஜ் 3 செல் லைப்போ 12.6 வோல்ட். அதை 5 வோல்ட்டாக்கி 1.5 ஆம்பியர் எடுத்தா மிச்சம் 7.6 வோல்ட்டும் சூடாத்தான் போகணும், அதாவது 11 வாட்டுக்கு மேல. ஃபோமுக்குள்ள மூடி வச்சு, மே மாச வெயில்ல, நாலு செர்வோவை ஒரே நேரத்துல ஆட்டினா அது எவ்வளவு நேரம் தாங்கும்? தனியா ஒரு ஸ்விட்சிங் பெக் போட்டா இந்தத் தலைவலியில பாதி தீரும். அதோட விலை புது டிரான்ஸ்மிட்டர் விலையில ஒரு சின்னப் பங்குதான். ரிசீவர்ல காலியா இருக்கிற போர்ட்ல ஆசிலாஸ்கோப் புரோபை மாட்டி, எல்லா ஸ்டிக்கையும் ஒரே நேரத்துல சுத்திப் பாருங்க. மல்டிமீட்டர்ல தெரியாத சரிவு அதுல தெரியும். லேப்ல ஸ்கோப் இருக்கு, அசிஸ்டென்ட் அண்ணாகிட்ட ஒழுங்கா கேட்டா கொடுப்பார்.

அதே மாதிரி ஃபெயில்சேஃப். ஐ6-ல அது ரிசீவர் செட்டப் மெனுவுக்குள்ள இருக்கு, நாமதான் போய் செட் பண்ணணும். ப்ரொப்பெல்லரைக் கழட்டிட்டு, மோட்டாரை ஓட விட்டு, டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணுங்க. மோட்டார் நிக்கணும். நிக்கலைன்னா அந்த ப்ளேன் அன்னைக்குப் பறக்கக் கூடாது, அதை ஓட்டறது ஃபைனல் இயர் அண்ணாவா இருந்தாலும் சரி. சிடி6பி-க்கும் இதே டெஸ்ட்தான், அதுல பாஸ் ஆகலைன்னா அந்த ரிசீவருக்கும் விடை கொடுத்துடலாம்.

சிடி6பி பத்தி இன்னொரு குறையும் உண்டு. செர்வோ திசையை மாத்தணும்னாகூட லேப்டாப்பும் கேபிளும் வேணும். ஐ6-ல 20 மாடல் வரைக்கும் சேமிக்கலாம், கிரவுண்டுலயே மாத்தலாம். அதனால சிடி6பி-யை ஒரே ஒரு டிரெய்னருக்குன்னு ஒதுக்கி, அந்த ப்ளேன் பேரை அது மேல டேப் ஒட்டி எழுதி வச்சுடறதுதான் உத்தமம். ஏலரான் தலைகீழா வேலை செஞ்சு டேக்ஆஃப்லயே கவுந்த ப்ளேன்களோட கதை எல்லா க்ளப்லயும் இருக்கு.

அப்போ புதுசு எப்பவுமே வேண்டாமா? வேணும். அடுத்த வருஷம், ஒண்ணே ஒண்ணு. ஆனா அதையும் யோசிச்சு வாங்கணும். ரேடியோமாஸ்டர், ஜம்பர் மாதிரி நிறுவனங்களோட சில மாடல்கள் ரெண்டு வகையா வருது: எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் வச்சது, நாலு ரேடியோ சிப்பை ஒரே மாட்யூல்ல வச்ச மல்டி புரோட்டோகால். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் வாங்கினா நம்ம பெட்டியில கிடக்கிற ஒரு ரிசீவரும் அதுகூடப் பேசாது, எல்லா ப்ளேனுக்கும் புதுசு வாங்கணும். மல்டி புரோட்டோகால் வாங்கினா ஃப்ளைஸ்கை ரிசீவர் ரெண்டு வகையையும் அதுலயே பைண்ட் பண்ணலாம். தனி ஆளா, ஒரே ட்ரோன் வச்சிருக்கிறவருக்கு முதலாவது சரி. பத்து ப்ளேன் வச்சிருக்கிற க்ளப்புக்கு ரெண்டாவதுதான். தூரம் வேணும்னு 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல் பக்கம் மட்டும் யாரும் போயிடாதீங்க. நம்ம நாட்டுல 890 முதல் 915 வரைக்கும் செல்ஃபோன்கள் டவருக்குப் பேசற இடம், அந்த மாட்யூலோட அலைவரிசை அதுக்குள்ளயும் நுழையும். இங்க லைசன்ஸ் வேண்டாத பகுதி 865 பக்கம்.

எனக்கு இன்னொரு வருத்தமும் இருக்கு. விலை கூடின ரேடியோ வந்த உடனே அது பீரோவுக்குள்ள போகும், சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கும், ஃபர்ஸ்ட் இயர் பசங்க வருஷம் முழுக்க ப்ளேனைத் தூக்கிக்கிட்டு ஓடறதோட சரி. அதே காசுக்கு ரெண்டு ஸ்விட்சிங் பெக், புது பேட்டரி, பல்லு தேஞ்ச செர்வோக்களுக்கு மாற்று, கூடவே ஒரு பழைய ஐ6-ம் வாங்கினா மூணு ப்ளேன் ஒரே நேரத்துல வானத்துல இருக்கும். இந்த வருஷ ஃபண்டுக்கு என் ஓட்டு அதுக்குத்தான்.

அந்த ஃபுடாபாவை என்ன பண்றதுன்னு கேட்பீங்க. காயலான் கடைக்கு அனுப்பாதீங்க. அதோட டிரெய்னர் போர்ட்ல ஸ்கோப்பை மாட்டினா எல்லா சேனலும் வரிசையா ஒரே ரயில்ல வர்ற பிபிஎம் சிக்னல் அப்படியே தெரியும். ஒரு ஸ்டிக்கை அசைச்சா ஒரு பெட்டி மட்டும் நீளும், சுருங்கும். கம்யூனிகேஷன் பேப்பர்ல பல்ஸ் பொசிஷன் மாடுலேஷன் புரியாம முழிக்கிற இசிஇ செகண்ட் இயர் யாராவது இருந்தா புதன்கிழமை சாயங்காலம் க்ளப் ரூமுக்கு வரலாம். பேட்டரியை மட்டும் முதல்ல மாத்தணும், அந்த நிக்கல் செல் எல்லாம் வெள்ளையா பூத்துப் போய்க் கிடக்கு.