சிதறிய தாலந்து

சினிமா மாணாக்கரைக் கெடுப்பதொன்றே என்று கருதுவார் நம்மிடை இன்னும் உளர். நகைச்சுவைப் படம் வெறும் பொழுதுபோக்கே என்று எண்ணும் இளைஞரும் பலர். இவ்விருவகையார்க்கும் பயன்படத்தக்க படம் ஒன்று உண்டு. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'ரஷ்மோர்' என்பது அது. ஓவன் வில்சனுடன் சேர்ந்து கதையெழுதி இயக்கிய வெஸ் ஆண்டர்சன், ஹ்யூஸ்டன் நகரில் தாம் பயின்ற பள்ளியிலேயே அதனைப் படம் பிடித்தார்.

கதாநாயகன் மாக்ஸ் பிஷர் 15 வயதினன். செல்வர் மக்கள் பயிலும் ரஷ்மோர்ப் பள்ளியில் உபகாரச் சம்பளம் பெற்றுப் படிப்பவன். வாள்வீச்சு, தேனீ வளர்ப்பு, வானநூல், சொற்போர், பிரெஞ்சு மொழி என அவன் புகாத சங்கம் இல்லை. பலவற்றிற்கு அவனே தலைவன். பாடங்களிலோ கடைமாணாக்கன். முடிதிருத்தும் தொழிலினரான தன் தந்தையை மூளை மருத்துவர் என்று பொய் கூறித் திரிகின்றான். ஆசிரியை ஒருவர்பாற் கொண்ட தகாத மோகத்தால், அவரை மகிழ்விக்க விரும்பி, அனுமதியின்றி ஆடுகளத்தில் மீன்காட்சிச்சாலை எழுப்பத் தொடங்குகின்றான், பள்ளியினின்றும் நீக்கப்படுகின்றான்.

வேதத்திலுள்ள தாலந்துகளின் உவமையை நாம் பலகாற் கேட்டிருக்கின்றோம். ஒரு தாலந்து பெற்றவன் அதனை நிலத்திற் புதைத்துக் கடியப்பட்டான். மாக்ஸ் புதைத்தானல்லன், எங்கும் வாரி இறைத்தான். இவை வேறு வேறாகத் தோன்றினும் தலைவன் கணக்குக் கேட்குங்கால் விடை ஒன்றே.

அவன் இறைத்தது ஏன்? சோம்பல் அவனிடத்து அணுவளவும் இல்லை. தான் இன்னார் மகன் என்னும் நாணமே காரணம் என்பது எம் கருத்து. சங்கத் தலைமைகள் அந்நாணத்தை மறைக்கும் ஆடைகளாயின. தேர்வில் தவறினால் விலக்குவோம் என எச்சரித்த பள்ளியும், இத்தனையும் எதன்பொருட்டுச் செய்கின்றாய் என்று அவனை ஒருகாலும் வினவிற்றிலது.

திருப்பம் எங்கே நிகழ்கின்றது? புதிய திறமை ஒன்று வானினின்றும் இழியவில்லை. இளமையில் எழுதிய நாடகத்தாலன்றோ அவன் ரஷ்மோரிற் சேர்க்கப்பட்டான்! பொதுப்பள்ளிக்குச் சென்று, தந்தையின் கடையிலும் வேலைசெய்து, பின்னர் ஒருநாள் தான் பகைத்திருந்த செல்வரைக் கடைக்கு அழைத்துவந்து, இவர் என் தந்தை, முடிதிருத்துபவர் என்று அறிமுகப்படுத்துகின்றான். அதன் பின்னரே, வியட்நாம் போரைப்பற்றிய அவனது நாடகம் அரங்கேறுகின்றது. அதனை இறந்த தன் தாய்க்கும் ஆசிரியையின் மறைந்த கணவர்க்கும் உரிமையாக்குகின்றான். அப்போரிற் பணிபுரிந்த செல்வர் கண்கலங்குகின்றார். பண்டு தன்னை உயர்த்திக் காட்டிய கலை இன்று பிறர் துயரை ஆற்றுகின்றது. திறமை பழையதே, நோக்கம் புதிது.

சங்கங்களை ஒழித்துப் பாடத்தை மட்டும் படியுங்கள் என்று இப்படத்தைக் காட்டி உரைப்பார்க்கு யாம் உடன்படோம். நாடகமின்றேல் மாக்ஸ் இல்லை. யாம் மாணாக்கரை வேண்டுவது பிறிதொன்று. பெற்றோரின் தொழிலைச் சொல்ல நாணாதீர். பதவி ஒன்றை ஏற்குமுன், இதனாற் பயன்பெறுவார் யார் என்று உம்மையே வினவுவீர். ஆசிரியப் பெருமக்களையும் ஒன்று வேண்டுகின்றோம். மதிப்பெண் குறைந்த மாணாக்கனை அனுப்பிவிடுமுன், அவன் இரவு கண்விழித்துச் செய்வது யாதென ஒருமுறை கேட்டறிவீராக.