பக்கிங்காம் பெயரும் ஒரு பவுண்டுக் கூலியும்

விடுமுறைக்குச் சென்னை செல்லும் நம்மவர் பலர் சென்டிரலில் இறங்கிப் பறக்கும் ரயிலேறி மயிலாப்பூர்ப் பக்கம் போகின்றனர். அந்த ரயிலின் தூண்கள் நெடுந்தூரம் ஒரு கால்வாய்க்குள்ளேயே காலூன்றி நிற்கின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடக்கும் அக்கால்வாயின் பெயர் பக்கிங்காம். யார் அந்தப் பக்கிங்காம்?

மூன்றாம் பக்கிங்காம் கோமகன் பிறந்தது 1823-இல். தந்தை பத்து லட்சம் பவுனுக்கு மேல் கடன்பட்டு நொடித்தார். 1848-இல் ஸ்டோ மாளிகைப் பொருள்கள் நாற்பது நாள் ஏலம் போயின. மகனோ கணக்கறிந்தவர். பாராளுமன்ற உறுப்பினர், பெரிய ரயில்வே கம்பெனியின் தலைவர், 1867-இல் குடியேற்ற நாடுகளின் மந்திரி என்று ஏறி, 1875-இல் சென்னை மாகாணக் கவர்னராக வந்தார். அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. நம் பாட்டிமார் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் அதுதான்.

அன்று சென்னைக்கு அவர் செய்ய முயன்ற நல்லவற்றை மறைக்க வேண்டியதில்லை. 1876-இன் இறுதியில் அவருடைய அரசு முப்பதாயிரம் டன் தானியம் வாங்கிச் சேமித்தது. வாணிபத்தில் அரசு தலையிடுவதா என்று கல்கத்தா சினந்தது. பட்டினி மாகாணத்தை விட்டு நகர அவருக்கு மனமில்லை. ஆயினும் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தில்லி தர்பாருக்கு, 1877 ஜனவரி முதல் நாள், அவர் வந்தே தீரவேண்டும் என்றார் ராஜப்பிரதிநிதி லிட்டன் பிரபு. போனார். ஊர் சாகும்போது அத்தாணி மண்டபம்!

பின்னர் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து கூலியைக் குறைத்தார். பஞ்ச வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணாக் காசு. அவ்வளவே. நான் அறிவியல் மாணவன். எண்ணைக் கண்டால் கணக்குப் போடாமல் விடமாட்டேன். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். அரிசியானால் ஏறத்தாழ 1,600 கலோரி. சும்மா படுத்திருக்கும் உடலுக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். மண் வெட்டிச் சுமப்பவனுக்கோ ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். எஞ்சியதை உடல் தன் தசையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இதைக் கண்டறிய இன்றைய ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. சென்னைச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் அன்றே எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் கூலி ஓரளவு உயர்ந்தது. இடையில் செத்தவர்கள் செத்தவர்களே.

இந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் 1877-78-இல் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் வெட்டினார்கள். கால்வாயின் வடபகுதி 1806-இலேயே எண்ணூர்ப் பக்கம் தொடங்கியது. பெயர் மட்டும் 1878-இல் கோமகனுக்குப் போயிற்று.

நாம் படிக்கும் இந்தப் பெங்களூரும் தப்பவில்லை. அன்று மைசூர் நாடு ஆங்கிலேயக் கமிஷனரின் நேர் ஆட்சியில் இருந்தது. 1871-இல் ஐம்பது லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1881-இல் நாற்பத்திரண்டு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. கன்னடத் தோழர்களோடு காவிரியைப் பற்றி வாதிடும் நாம், அவர்கள் பாட்டனும் நம் பாட்டனும் ஒரே கஞ்சித்தொட்டி வரிசையில் நின்றதை ஒருநாளாவது பேசினோமா?

“பக்கிங்காம் நல்லவர், லிட்டன் தீயவர்” என்று முடித்துக்கொள்வோர் நம் விடுதியிலும் உண்டு. நான் அதற்கு உடன்படேன். நல்லவராகவே இருக்கட்டும், அந்த நல்ல மனம் தில்லிக்கு வர மறுக்க முடிந்ததா? டெம்பிளைத் திருப்பி அனுப்ப முடிந்ததா? அவர் பதில் சொல்ல வேண்டியது கல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும். மண் சுமந்தவனுக்கு அல்ல. 1880-இல் கப்பலேறினார், பின்னர்ப் பிரபுக்கள் சபையில் ஒரு பதவியும் கிடைத்தது, 1889-இல் இறந்தார். ஆண் வாரிசில்லாமல் கோமகன் பட்டமும் அவரோடு போயிற்று.

பெயரை மாற்று என்று நான் கேட்கவில்லை. மாற்றினால் இந்தக் கதையே மறையும். திருமயிலை நிலையத்தருகே ஒரு கல் நடட்டும்: வெட்டியவர்கள் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் என்று. டெம்பிள் விதித்த ஒரு பவுண்டுக் கணக்கையும் அதிலேயே பொறிக்கட்டும், தமிழில், பெரிய எழுத்தில்.