கரையில் பை காத்த பெண்கள்

சென்ற விடுமுறையில், வேப்பந்தட்டை வட்டாரத்தைச் சேர்ந்த நாங்கள் நான்கு குடும்பத்தினர் இலட்சத்தீவின் கட்மத் தீவுக்குச் சென்று வந்தோம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த சகோதரர்களின் நெடுநாள் ஆசை அது. முதலில் மாலத்தீவு என்றுதான் பேச்சு. மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்களாகவும், பங்காரம் தீவு நீங்கலாக மதுவுக்குத் தடை உடையதாகவும் இருந்துவரும் தீவுகள் நம் நாட்டிலேயே இருக்க, கடன் வாங்கி அயல்நாடு போவானேன் என்று பெரியவர்கள் கேட்டார்கள். முடிவு மாறியது. நுழைவு அனுமதி பெறுவதற்கும் கொச்சியில் கப்பல் ஏறுவதற்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே ஆண்களும் பையன்களும் காற்று உருளையைச் சுமந்து ஸ்கூபா முழுக்குக்கு இறங்கினார்கள். பெண்கள் கரையில் பைகளையும் செருப்புகளையும் காத்து அமர்ந்திருந்தார்கள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எவரும் கட்டளையிடவில்லை. நீங்களும் வருகிறீர்களா என்று எவரும் கேட்கவும் இல்லை. கரையேறிய தந்தையிடம் பதின்மூன்று வயது மகள், "அத்தா, கீழே என்ன இருந்துச்சு?" என்றாள். பயிற்சியாளர் எடுத்துத் தந்த படத்தை அவர் காட்டினார். அவள் அதைப் பார்த்துவிட்டு மீண்டும் கடலைப் பார்த்தாள். பள்ளிச் சுற்றுலாவில் நம் மாவட்டத்துக் காரைப் பகுதிக்குச் சென்று, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்ததற்குச் சான்றான அம்மோனைட் புதைபடிவங்களைக் கண்டு வந்தவள் அவள். உயிருள்ள கடல் அவளுக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது.

காரணம் கேட்டால் ஹயா என்பார்கள். வெட்கத்தை ஈமானின் பகுதியாகக் கருதுபவர்கள் நாம். அதை இலேசாகப் பேச மாட்டோம். ஆனால், முழு வெட்சூட் கழுத்து முதல் கணுக்கால் வரை மறைக்கிறது. உடலை இறுக்கிப் பிடிப்பது உறுத்தினால், மேலே அணியத் தளர்வான நீச்சல் உடை இருக்கிறது. கருவிகளில் சிக்காதா என்று பயிற்சியாளரிடம் முன்பே காட்டிக்கொள்ளலாம். பெண் பயிற்சியாளர் உண்டா என்று முன்பதிவின்போதே விசாரிக்கலாம். எஞ்சும் ஐயங்களை ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம். கேட்காமலே "நமக்கு வேண்டாம்" என்று ஒதுக்குவதைப் பேணுதல் என்று நாங்கள் ஏற்கவில்லை. சோம்பல் என்றே சொல்வோம்.

கடலில் செல்லப்போகும் கூட்டத்தைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, தாமும் அவர்களில் ஒருவராக வேண்டும் என்று துஆச் செய்யக் கேட்டவர் உம்மு ஹராம் (ரலி) என்னும் பெண்மணி. அவ்வாறே கடல் கடந்து சென்று அப்பயணத்திலேயே உயிர் நீத்தார். சைப்ரஸின் லார்னகா அருகே அவர் பெயரால் இன்றும் ஓர் அடக்கத்தலம் இருக்கிறது. அவர் கரையில் பை காக்கவில்லை.

இறங்குவோர் ஆணாயினும் பெண்ணாயினும் சில செய்திகளை அறிய வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இருமடங்கு. மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவர் ஒப்புதலின்றி இறங்கலாகாது. கருவுற்றவர்கள் அறவே கூடாது. எங்களுள் ஒருவர் மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதினார். பொய் என்பது ஒருபுறம் இருக்க, உயிரோடு விளையாடும் செயல் அது. விமானத்தில் திரும்புவோர் முழுக்குக்குப் பின் 18 மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. பவளத்தை மட்டும் தொடாதீர்கள்; 1998-இல் கடல் சூடேறியபோது அங்கே பெருமளவு பவளம் வெளிறி மடிந்தது.

அறிமுக முழுக்குக்கு நீச்சல் தெரிய வேண்டுவதில்லை என்கிறார்கள். இருந்தும், மறுநாள் நாங்கள் அழைத்தபோது பெண்கள் மறுத்துவிட்டார்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றே அறியாதவர்களிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் நம் ஊர்களில் பையன்கள் வயற்கிணற்றில் குதித்து நீச்சல் கற்றார்கள். அவர்களின் சகோதரிகள் கிணற்று மேட்டில் நின்று துணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கட்மத்தில் நாங்கள் கண்டது அதன் தொடர்ச்சிதான்.

வரும் அரையாண்டு விடுமுறையில், மழைக்குப் பின் தண்ணீர் ஏறியதும், எங்களுள் ஒருவரின் படிக்கிணற்றில் காலை இரண்டு மணி நேரத்தைப் பெண்களுக்கென்றே ஒதுக்குவதாகப் பேசியிருக்கிறோம். நீச்சல் தெரிந்த ஒரு மூதாட்டி கற்றுத்தர இசைந்துள்ளார். இடுப்பில் கட்டச் சுரைக்குடுக்கை தேடச் சொன்னார், கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் கேன்தான்.