கூட்டுக் குடித்தனமும் இடையில் விலகுவோரும்

தருமபுரியில் மாணாக்கரும் உத்தியோகஸ்தரும் மூவராகக் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கின்றனர். 11 மாதப் பத்திரத்தில் மூவரும் கையொப்பமிடுகின்றனர். நான்காம் மாதம் ஒருவருக்கு ஓசூரில் வேலை கிடைக்கிறது, பெட்டியுடன் புறப்பட்டுவிடுகிறார். அவர் பங்குக்கு யார் பொறுப்பு?

அவரவர் பங்கு அவரவருக்கே என்று நம் வாலிபர்கள் எண்ணுவது பெரும் பிசகு. 1872-ஆம் வருஷத்திய இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-வது பிரிவின்படி, பத்திரத்தில் வேறுவிதமாகக் கண்டிராவிடில், வீட்டுக்காரர் முழு வாடகையையும் மூவரில் எவரிடமும் கேட்கலாம். 9,000 ரூபாய் வாடகையில் 3,000 கொடுத்து வந்த ஏழை மாணாக்கன் 9,000-க்கும் பதில் சொல்ல நேரும். போனவரிடம் அவர் பங்கைக் கேட்க அவனுக்குப் பாத்தியதை உண்டு. ஆனால் 3,000 ரூபாய்க்குக் கோர்ட்டுப் படி ஏறும்படி எந்த வக்கீலும் யோசனை சொல்லமாட்டார். போனவர் கொடாமற்போனால் அந்த நஷ்டத்தையும் எஞ்சியவர்களே சமமாகச் சுமக்க வேண்டுமென்கிறது அதே பிரிவு.

2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டுமென்கிறது. எழுதும்போதே இரண்டு வரி கூட்டினால் என்ன? விலகுபவர் ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். வீட்டுக்காரர் சம்மதிக்கும் மாற்று ஆள் வரும்வரை அவர் பங்கு அவரையே சாரும். முன்பணத்தில் அவர் பாகம் அதுவரை நிற்கும். இந்த ஷரத்தில்லாத பத்திரத்தில் நம் வாலிபர்கள் கையொப்பமிடலாகாது.