பெயர் ஒன்றானது, பந்தி ஒன்றாகுமா?

சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப்பந்தி போட்டார்கள், பெரியார் எதிர்த்தார். 1925 நவம்பரில், எங்கள் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானம் மறுக்கப்பட்டதும் வெளியேறினார்.

2025 ஜூலையில் தமிழக அரசு தன் நல விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயரிட்டது. நல்லது. ஆனால், அரசு விடுதிச் சோற்றில் முனைவர் பட்ட ஆய்வுவரை வந்தவன் கேட்கிறேன்: ஆதிதிராவிடர் நலத்துறைக்கு ஒரு விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைக்கு இன்னொன்று என்றிருந்தால், பிள்ளைகள் எங்கே கலப்பது?

வகுப்பறைத் தோழமை மணியடித்ததும் கலைந்துவிடும். சேர்ந்து உண்டு, உறங்கி, சண்டைபோட்டுச் சமாதானமாவது விடுதியில்தான். பட்டியல் சாதி மாணவர்களின் இடங்களில் ஒன்றுகூடக் குறையாமல் விடுதிகளை இணையுங்கள். தறிக்காரர் மகனும் சேரிப் பிள்ளையும் ஒரே அறையில் வளரட்டும்.