படம் எடுப்போம், பெயரும் எழுதுவோம்

நாளுக்கு ஒரு தலைப்பு. தலைப்புக்கு ஒரு படம். 'சிவப்பு', 'நிழல்', 'காலை உணவு' என்று மாதம் முழுவதற்கும் பட்டியலிட்டு, அதற்கேற்பப் புகைப்படம் எடுக்கச் சொல்லும் அன்றாடச் சவால் மாணவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. கலைப்பயிற்சி என்று பாராட்டுவோரும் உண்டு. நான் இன்னும் ஒரு படி மேலே செல்வேன். பந்திங் போன்ற ஊரிலிருந்து பல்கலைக்கழகம் வந்த தமிழ் மாணவருக்கு இது ஒரு கடமையாகவே அமையலாம். ஆனால், அந்தத் தலைப்பை யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அமெரிக்கரான ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் 31 தொடங்கி, தாம் மறைந்த 1997 அக்டோபர் 25 வரை நாளுக்கு ஒரு போலராய்டு படம் எடுத்து வந்தார். நண்பர்கள், சாப்பாடு, தெரு, இறுதியில் மருத்துவமனை என்று எல்லாம் சாதாரணக் காட்சிகள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்கள் ஒன்று சேர்ந்தபோது ஒரு மனிதனின் வாழ்க்கையே அதில் தெரிந்தது. தமிழருக்கும் இம்முயற்சி புதிதன்று. 'தமிழில் புகைப்படக்கலை' என்னும் குழு 2007 முதல் மாதம் ஒரு தலைப்பில் போட்டி நடத்தியது. 2011 நவம்பரிலிருந்து 2012 பிப்ரவரி வரை தமிழ் விக்கிப்பீடியா நடத்திய ஊடகப் போட்டியில் ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்தன.

சரி, நமக்கென்ன இதில் அக்கறை? நம் முன்னோர் படம் எடுத்தவர்கள் அல்லர், படம் எடுக்கப்பட்டவர்கள். சிங்கப்பூரில் இயங்கிய லாம்பர்ட் நிறுவனம் போன்ற அக்காலப் படப்பிடிப்பு நிலையங்கள் மலாயா மக்களை இனவாரியாகப் படமெடுத்து விற்றன. அஞ்சலட்டைகளில் நம்மவர் படத்தின் கீழ் 'தமிழ்க் கூலிகள்' என்று அச்சிட்டார்கள். முகம் இருந்தது, பெயர் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும், கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்களின் கோரிக்கைகளில் அடங்கும். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் பலியாயின. அவர்களில் எத்தனை பேரின் படம் நம் வீடுகளில் இருக்கிறது?

இது பழங்கதை மட்டுமல்ல. 1995-இல் புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கியபோது பிராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்கள் மறைந்தன. அங்கிருந்த குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. பந்திங்கைச் சுற்றிலும் 'லாடாங்' என்ற சொல்லைப் பெயரில் சுமந்து நிற்கும் தமிழ்ப்பள்ளிகளைப் பார்க்கிறோம். நாடறிந்த பூப்பந்து வீரர்களான சீடேக் சகோதரர்களின் ஊர் என்று பந்திங்கை எல்லாரும் அறிவர். பால்மரமும் செம்பனையும் வளர்த்தவர்களின் ஊர் என்று அறியச் செய்வது யார் பொறுப்பு?

ஆகவே, தலைப்புகளை நாமே தமிழில் கொடுப்போம் என்கிறேன். 'பாத்திரம்' என்று சொன்னால் அடுக்களைக்குள் நுழைந்து ஒரு நிமிடத்தில் படம் எடுத்துவிடலாம். 'மங்கு' என்று சொல்லிப் பாருங்கள். பால் பிடிக்கும் அந்தச் சிறு கிண்ணம் எதுவென்று பாட்டியிடம் கேட்டாக வேண்டும். 'கித்தா', 'பெரட்டு', 'லயம்', 'செம்மண் சடக்கு' என்று முப்பது நாளுக்கு முப்பது சொற்கள்! பொருள் மறைந்தால் சொல்லும் மறையும். கித்தா என்பது மலாய் மொழியின் 'கெத்தா'விலிருந்து நம் நாவில் ஏறியது. தமிழகத்து அகராதியில் தேடினால் இத்தகைய சொற்கள் எளிதில் அகப்படா. இவற்றை நாம் காக்காவிட்டால் வேறு யார் காப்பார்?

தினமும் எடுத்தால் குப்பைதான் சேரும் என்பார்கள். சேரட்டும். முப்பதில் ஐந்து நின்றாலும் இலாபமே. அதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வறுமையைப் படமெடுத்து விருப்பக்குறிகளை அள்ளுவது, அன்று அஞ்சலட்டை விற்றவர்களின் வேலைக்கு எவ்விதத்தில் உயர்ந்தது? இதை ஒப்புக்கொண்டே தீர வேண்டும். அதனால்தான் மூன்று நிபந்தனைகளை முன்வைக்கிறேன். ஒருவரைப் படமெடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். எடுத்த படத்தின் பிரதி ஒன்றை அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் இசைந்தால், படத்தின் கீழ் அவர் பெயரையும் ஊரையும் தேதியையும் தமிழில் எழுத வேண்டும். பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால், அந்த விருப்பத்தையும் மதிக்க வேண்டும். கேட்காமல் விட்டதற்கும் கேட்டு விட்டதற்கும் வேறுபாடு உண்டு.

நண்பர்களே, ஒவ்வொரு கைப்பேசியிலும் இன்று ஒரு கேமரா இருக்கிறது. புலனத்தில் அனுப்பும் படம் ஒரு வாரத்தில் அடியில் புதைந்துவிடும். கைப்பேசி கெட்டால் அதுவும் போயிற்று. மாத இறுதியில் பத்துப் படங்களையாவது அச்சிட்டு, குறிப்பெழுதி, பேரவை அறையில் ஒரு தொகுப்பாக வைப்போம். அடுத்த செட்டு மாணவர்கள் அதைத் தொடரட்டும். முன்னாள் மாணவர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய ஆல்பங்களைத் திறந்து, படங்களின் பின்புறம் பெயர்களை எழுதுங்கள். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். நம் பேரப்பிள்ளைகள் அப்படங்களைப் பார்க்கும்போது, 'யார் இவர்கள்?' என்று கேட்கும் நிலை வரக்கூடாது.